கோவிச்சுக்கிட்ட மூணு

— கதவைச் சாத்துடா. தாப்பாளும் போடு.

— வெளிய கடை முழுக்க ஆள் நிக்குதுக்கா. பிறந்தநாள்காரனைக் கூட்டிட்டுப்போய் உள்ள வச்சுப் பூட்டிட்டா என்ன நினைப்பாங்க?

— பிறந்தநாள்காரன். அந்த வார்த்தையைத்தான் இன்னிக்கு விசாரிக்கப் போறேன். உட்காரு.

— நீ உட்காரு. அது கண்ணு பார்க்கிற நாற்காலி, நல்லா சாய்ஞ்சுக்கலாம். காலையிலேர்ந்து பலூன் ஊதி ஊதி உன் மூஞ்சியே சிவந்துபோச்சு.

— பலூன் ஊதினதால சிவக்கல. வாசல்ல 'ஐம்பது'ன்னு தங்கக் கலர்ல தொங்குதே, அதைக் கட்டினது யாரு? நான். இன்னிக்கு எனக்கு எத்தனை வயசு?

— அம்பத்தஞ்சு.

— பரவால்ல, உனக்காவது தெரிஞ்சிருக்கு. உன் லென்சு கம்பெனிக்காரர் வந்தார். நேரா என் கையில கோட்டைக் கழட்டிக் குடுத்து, 'இதைக் கொஞ்சம் உள்ள மாட்டும்மா'ங்கிறார். மாட்டிட்டேன். போய்ப் பாரு, ஆணியில தொங்குது.

— அவர் புது ஆளுக்கா. அவருக்கு என்ன தெரியும்?

— பழைய ஆளுங்க மட்டும் என்ன வாழுதாம்? காலையில அத்தை போன் பண்ணாங்க. கால் மணி நேரம் உன்னைக் கொஞ்சிட்டு, போனை என்கிட்ட குடுக்கச் சொன்னாங்க. 'உனக்கும் வாழ்த்துக்கள்மா.' உனக்கும். அந்த 'உம்' இருக்கே, அம்பது வருஷமா அதை முழுங்கிக்கிட்டிருக்கேன். ஒரு கிலோ வாங்கினா கையில போடுவானே கொசுறு, அந்த மாதிரி.

— கேக்ல உன் பேரும் போடச் சொல்லியிருக்கேன்.

— பேரும்! பார்த்தியா, உனக்கே அது இல்லாம வாய் வரமாட்டேங்குது. எந்த கேக்லடா என் பேர் முழுசா இருந்திருக்கு? நடுவுல பூ வச்சு உன் பேரு. மிச்சம் கிடக்கிற ஓரத்துல என் பேரு, கடைசி எழுத்து இடம் பத்தாம கீழ வழிஞ்சு தட்டுல கிடக்கும். என் அம்பதாவது பிறந்தநாள் ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— சொல்லு, கேட்போம்.

— கடை திறந்தோம். இந்தக் கடை.

— அன்னிக்கே திறந்தா ராசின்ன. வந்தவங்களுக்கெல்லாம் டீ குடுத்தது நான். சாயங்காலம் வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழட்டாம அப்படியே உட்கார்ந்திருந்தேன். பொறாமைடா. வாய்விட்டே சொல்லிடறேன், எனக்கு உன்மேல பொறாமை. உன் கடைமேல இல்ல, கார்மேல இல்ல. உனக்கு இருக்கிறது எல்லாம் உனக்கே இருக்கட்டும். இந்த ஒரு தேதி மேலதான்.

— அக்கா, நான் என்ன சொல்றேன்னா...

— குறுக்கப் பேசாத. நீ வர்றதுக்கு முன்னாடி அந்த நாள் என்னோடது. அப்பா எனக்கு முதமுதல்ல எழுதக் கத்துக்குடுத்ததே இருபத்துமூணுதான். 'இது உன் நாள், வேற யாருக்கும் இல்ல'ம்பார். ரெண்டு ஒழுங்கா வந்துடும். மூணுதான் எப்பவும் திரும்பிக்கிட்டு, முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கும். 'கோவிச்சுக்கிட்ட மூணு'ன்னு சிரிப்பார். அப்புறம் நீ வந்த. அதே தேதியில. சரி, ஒரே நாள்ல ரெண்டு பேர் பிறந்தா யாரைக் குத்தம் சொல்றதுன்னு நானும் வாயை மூடிக்கிட்டிருந்தேன். போன வாரம் வரைக்கும்.

— போன வாரம் என்ன ஆச்சு?

— நான் எங்க வேலை பார்க்கிறேன்?

— ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல.

— பழைய பிரசவ ரிஜிஸ்டரை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டிருக்கோம். உன் வருஷம் என் மேஜைக்கே வந்துச்சு. இந்தா, ஜெராக்ஸ். அம்மா பேரு, அப்பா பேரு, ஆண் குழந்தை. தேதியைப் படி.

— நீயே படிக்கா.

— படிக்கிறேன். நாலாம் தேதி. இருபத்துமூணு இல்ல, நாலு. பத்தொன்பது நாள் முன்னாடியே பிறந்து தொலைச்சிருக்க. எவ்வளவோ நாள் சும்மா கிடக்க, என் நாள்ல வந்து உட்கார்ந்துக்கிட்டு அம்பது வருஷமா கேக் வெட்டிக்கிட்டிருக்க.

— எனக்குத் தெரியும்க்கா.

— எது தெரியும்?

— நாலாம் தேதிங்கிறது. அப்பா படுக்கையில கிடந்தப்ப சொன்னார். பன்னெண்டு வருஷம் ஆச்சு.

— பன்னெண்டு வருஷம். தெரியாம எடுத்தவனைக்கூட மன்னிச்சுடலாம். நீ தெரிஞ்சே அமுக்கி வச்சிருக்க. சரி, நான் முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன். நீ கத்தியைக் கையில எடுக்கிற நேரத்துல இந்தக் காகிதத்தை எல்லார் முன்னாடியும் படிக்கப் போறேன். உன் லென்சு கம்பெனிக்காரரும் கேட்கட்டும், யாரு கையில கோட்டைக் குடுத்தோம்னு.

— என்னங்க, கேக்கை மேஜையில வச்சாச்சு. அண்ணி உள்ளதான் இருக்காங்களா? மெழுகுவத்தியைப் பத்த வச்சுடட்டுமா?

— வேண்டாம்மா. நாங்க வந்துடறோம், அஞ்சு நிமிஷம்.

— சீக்கிரம் வாங்க, பசங்க விரலால க்ரீமை நோண்டுறாங்க.

— பயந்துட்ட. பொண்டாட்டி குரல் கேட்டதும் உனக்கு வேர்க்குது.

— பயம் இல்லக்கா. நீ தாராளமா படி. ஆனா அதோட இதையும் சேர்த்துப் படிச்சுடு. இரு, இந்த டிராயர்லதான் வச்சிருக்கேன்.

— என்னது இது, மடிச்ச இடமெல்லாம் விட்டுப்போய்?

— என் பிறப்பைப் பதியறதுக்கு அப்பா எழுதின ஃபாரம்.

— ஒண்ணும் தெரியலையே. புகையா இருக்கு.

— உனக்கு வெள்ளெழுத்து வந்து ஆறு வருஷம் ஆச்சு. சொன்னா ஒத்துக்க மாட்ட. இந்தக் கண்ணாடியைப் போடு. விளக்கைக் கிட்ட இழுத்துக்கோ. இப்ப?

— ம். பெற்றோர் பேரு, அப்பா எழுத்து. முகவரி, அப்பா எழுத்து, அதே நீல மை. பிறந்த தேதி... இதை யாரு எழுதினது? பென்சில்ல, கட்டத்தைத் தாண்டி வெளிய போயிருக்கு. இதை எந்த ஆபீஸ்லயும் வாங்கமாட்டாங்க.

— வாங்கலையாம். அப்புறம் வேற ஃபாரத்துல அப்பாவே எழுதிக் குடுத்திருக்கார். தேதியை மட்டும் இதைப் பார்த்து. அந்தக் காலத்துல யாரு போய் ஆஸ்பத்திரியில சரிபார்த்தாங்க?

— ரெண்டு தெளிவா இருக்கு.

— அடுத்தது?

— இரு. விளக்கை இன்னும் கொஞ்சம் இறக்கு.

— தினமும் நூறு கையெழுத்து படிக்கிறவக்கா நீ. அடுத்தது என்ன?

— மூணு. முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது.

— ம்.

— அப்பா எழுதச் சொன்னாரா?

— இல்ல. நான் பிறந்தப்ப ஒரு கிலோகூட இல்லையாம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. தங்காதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார். இருக்குமோ போயிடுமோன்னு அப்பா அந்த ஃபாரத்தைத் தேதி எழுதாமலே பையில வச்சுக்கிட்டு சுத்தியிருக்கார். உன் பிறந்தநாள் அன்னிக்கு உன்னைத் தூக்கிட்டு வந்து கண்ணாடி வழியா என்னைக் காட்டினாராம். பக்கத்துப் பெட்டிக்கெல்லாம் யாராரோ பொம்மை வச்சிருந்தாங்களாம், என் பெட்டிமேல ஒண்ணும் இல்லையாம். 'நான் ஏதாவது குடுக்கணும்'னு ஒரே அழுகை. பொம்மை இல்லம்மான்னு அப்பா சொல்ல, நீ அவர் பையிலேர்ந்து அதை உருவி, தரையில உட்கார்ந்து எழுதினியாம். 'இது என் நாள், பாப்பா எடுத்துக்கட்டும்'னு.

— அஞ்சு வயசுல அது என்ன பேச்சு.

— அப்போ உனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானேன்னு சொல்லிட்டு, அப்பா அழுதார்க்கா. நான் அவர் அழுது பார்த்தது அன்னிக்கு மட்டும்தான்.

— இதை ஏன்டா இத்தனை நாளா சொல்லல?

— நாள்தான் என்கிட்ட வந்துடுச்சு. சொல்லியிருந்தா, அதுக்காகக் கோவப்படறதும் உனக்கு இல்லாமப் போயிருக்கும். அதையும் எப்படிப் பிடுங்கிக்கிறது?

— பெரிய தர்மப்பிரபு.

— இன்னிக்குப் படிக்கா. ரெண்டையும் படி. இருபத்துமூணை எல்லார் முன்னாடியும் உன்கிட்டயே திருப்பிக் குடுத்துடறேன்.

— என்னங்க, இன்னுமா? மெழுகுவத்தி பத்த வச்சுட்டேன், உருகுது. யாராவது வந்து ஊதுங்க.

— வர்றாம்மா, உன் புருஷன். டேய், கண்ணைத் துடை. கண்ணாடிக்கடைக்காரன் அழுதா கடைக்கு ஆள் வராது. போய் நீயே ஊது. குடுத்த பொருளைத் திருப்பி வாங்கற பழக்கம் எனக்கு இல்ல.

— அப்போ உனக்கு?

— அந்த நாலாம் தேதி அம்பது வருஷமா சும்மாதானே கிடக்கு? வர்ற வருஷத்துலேர்ந்து அது எனக்கு. அன்னிக்கு நீ வந்து பலூன் ஊதற.