எழுந்திருக்காமல் கேட்ட சம்பளம்

“பேசி முடிச்சுட்டு மேனேஜர் கெளம்பச் சொன்னாருங்க. நான் எந்திரிக்கவே இல்லீங்க்கா.”

வீரபாண்டியிலிருந்து வந்த காலைப் பேருந்தில், என் முன் இருக்கையில் இருந்த இளம்பெண் இப்படிச் சொன்னாள். பனியன் கம்பெனியில் அவளுக்கு, தைத்து வரும் துணிகளில் பிழை பார்க்கும் செக்கிங் வேலை என்று பேச்சிலிருந்து தெரிந்தது. பக்கத்தில், அதே கம்பெனியில் தைக்கும் திருநெல்வேலிக்கார அக்கா.

“ஏன்ட்டி எந்திரிக்கல?”

“சம்பளத்தை அப்புறம் பாக்கலாம்னாருங்க. சூப்பர்வைசர் வேலைய விட்டு நின்னு ஆறு மாசமாச்சு, அவரு வேலையையும் நாந்தான் பாக்கறேன், ஒரு பீஸ்கூட திரும்பி வரலீங்க, அந்தச் சம்பளம் எனக்கு வேணும்னேன்.”

“வேற கம்பெனில கூப்பிடுதாங்களான்னு கேட்டிருப்பாரே?”

“கேட்டாருங்க. இல்லீங்க, நான் இங்கயே இருக்கோணும், ஆனா இந்தச் சம்பளத்துக்கு இல்லீங்கன்னேன். அப்புறம் நாற்காலிய இன்னும் முன்னால இழுத்துக்கிட்டேங்க்கா.”

“அவரு என்ன செஞ்சாரு?”

“ஃபேனைப் பாத்தாரு, போனைப் பாத்தாரு. கடைசில, மாசம் நாலாயிரம் சேத்தித் தர்றேன், யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு.”

அக்கா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அப்போ என்கிட்ட ஏன்ட்டி சொல்லுத?”

“நீங்க எனக்கு முன்னாடி சேந்தவங்க. உங்களுக்கு மூணு வருசமா ஏத்தவே இல்லீங்களே.”

கம்பெனி நிறுத்தம் வந்ததும் அக்கா எழுந்து, சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

“மேனேஜர் எத்தனை மணிக்கு வருவாருட்டி?”