வழிமொழிய ஆளில்ல

பாத்து பாத்து, அங்க கால வைக்காதீங்க, ஈரம். வழுக்கி விட்டுடும். இப்படிச் செவுத்த ஒட்டி வாங்க. ஆமா, கூட்டம் இங்கதான். நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க, அவ்ளோதான். நான்தான் எப்பவும் மொதல்ல வந்து காபி போட்டு, இந்த எடத்த மாப்பு போட்டு வைக்கிறது. சம்பளமா? நல்லா கேட்டீங்க. பள்ளிக்கூட போர்டுல யாருக்கும் ஒரு சல்லி கெடையாது. காபித்தூள் கூட நான் வீட்லேருந்து கொண்டாறதுதான்.

நீங்க மர ஆலையில புதுசா சேந்திருக்காரே, அவரு வீட்டம்மா கார்லாதான? தெரியாமலா. இந்த ஊருக்கு ஒரு வண்டி புதுசா வந்தா அதுல எத்தனை பொட்டி இருந்துச்சுன்னு மறுநாள் கடையில சொல்லிடுவாங்க. நான் சோன்யா. என்னைவிடச் சின்னவதான, வா போன்னு பேசட்டுமா? சரி. பூட்ஸ அந்தத் தட்டுல கழட்டி வை. டெக்சாஸ்லேருந்து வந்து இந்தக் குளிர்ல பொழைக்கிறதே பெருசு. அஞ்சு மணிக்கே இருட்டிப்போச்சேன்னு பயப்படாத, மார்ச்சுல சரியாயிடும்.

என்ன, பேச வந்தியா? பொதுமக்கள் பேசற நேரத்துல? பேரு குடுத்துட்டியா? நல்லது. மூணு நிமிஷம் தருவாங்க. எங்க தலைவர் ஆர்விட் முட்டை வேகவைக்கிற கடிகாரத்த முறுக்கி மேசையில வைப்பாரு. அது மணியடிச்சா பாதி வார்த்தையில இருந்தாலும் வாய மூடிக்கணும். போன வருஷம் ஒருத்தரு பட்டாணி வேகலைன்னு சொல்ல வந்தவரு, பட்டா-ன்னு நின்னுட்டாரு. இன்னிக்கும் ஊர்ல அவருக்கு அதான் பேரு.

இன்னொண்ணு சொல்லிடறேன். நீ பேசறப்ப நாங்க ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டோம். கேட்டுக்கலாம், தலையாட்டலாம், பதில் மட்டும் சொல்லக்கூடாது. விதி அப்படி. என்னடா இது, எல்லாம் பொம்மை மாதிரி உக்காந்திருக்குன்னு நெனச்சுக்காத. அதுவும் மழலை வகுப்பு நாற்காலியில உக்காந்திருப்போம். முழங்கால் தாடையில இடிக்கும். அதுல உக்காந்துகிட்டு எவனும் ரொம்ப நேரம் வீறாப்பா பேச முடியாது பாரு, அதுக்காகவே வேற ரூம் கெடைச்சும் ஆர்விட் மாத்தல.

எதப் பத்திப் பேசப்போற?

ம்... கொக்கியா.

இல்ல இல்ல, தப்பு ஒண்ணும் இல்ல. நீ கேக்கறது நியாயம்தான். உன் பொண்ணு ஜோசியோட கோட்டு தெனம் தரையில கெடக்கு, ஈரத்தோட போட்டுகிட்டு வீட்டுக்கு வருது, இருமுது. இங்க ஒரு கொக்கி சும்மா தொங்குது. யாரா இருந்தாலும் கேப்பாங்க. இரு, காபி குடி. தண்ணியாத்தான் இருக்கும், இங்க எல்லாரும் இப்படித்தான் குடிப்போம்.

அந்தக் கொக்கிதான், ஆமா. சன்னல்லேருந்து மூணாவது. பனி தள்ற வண்டி படம் ஒட்டியிருக்கில்ல, அதுதான். எழுத்து தெரியாத பசங்க இல்லையா, ஆளுக்கு ஒரு படம். அவங்களே சொல்றதுதான். பூனை, வாத்து, ராக்கெட்டு. ரெய்னோ பனி வண்டிதான் வேணும்னான். ஆர்விட் ஓட்டறது அந்த வண்டிதான, ஒருநா அவன மேல ஏத்தி ஊரச் சுத்திக் காட்டினாரு. அதுலேருந்து வேற பேச்சே இல்ல.

ரெய்னோ யாரா? அந்தக் கொக்கிக்காரப் பையன்.

சொல்றேன் சொல்றேன். மொதல்ல இந்தப் பள்ளிக்கூடத்துக் கதையக் கேளு, அப்பதான் புரியும். மாவட்டத்துல எங்க பழைய பள்ளிக்கூடத்த மூடிட்டாங்க. புள்ளைங்க இருட்டுல கெளம்பி, ஏரியச் சுத்திக்கிட்டு பஸ்ஸுல போய், இருட்டுல வரணும். அப்பதான் ஊரே சேந்து அரசாங்கத்துகிட்ட உரிமைச் சாசனம் எழுதி வாங்கி இத ஆரம்பிச்சோம். பணம் அரசாங்கத்துது, நடத்தறது நாங்க. அதுக்குத்தான் இந்த போர்டு. சட்டப்படி அதுல ஒரு டீச்சர் இருக்கணும், அது பெரிட். உன் பொண்ணோட டீச்சரேதான். ஊர்க்காரங்க இருக்கணும், அது ஆர்விட்டும் டுவேனும் இன்னும் ரெண்டு பேரும். அப்புறம் இங்க படிக்கிற புள்ளையோட அப்பா அம்மா ஒருத்தர் இருக்கணும். அது நான்.

எத்தனாவதா? மூணாவது இருக்கணும் இப்ப. இருக்கணும்னா... சும்மா பேச்சுவாக்குல வந்துடுச்சு. இந்த இனிப்புத் துண்டு ஒண்ணு எடுத்துக்கோ, எலுமிச்சம்பழம் போட்டது, பெரிட் செஞ்சது.

டுவேனப் பத்திச் சொல்லணும். தபாலாபீசுல இருந்து ரிட்டயர் ஆனவரு. விதிப் புத்தகத்தக் கக்கத்துல வச்சுகிட்டே தூங்குவாருன்னு நெனைக்கிறேன். யாராவது தும்மினாக்கூட, இது இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லையேம்பாரு. ஆனா நல்ல மனுஷன். அவருதான் வருஷா வருஷம் இந்தக் கொக்கிய எழுப்பறது. எழுந்து நின்னு, ஒரு இருமலப் போட்டுட்டு, மழலை வகுப்பு மூணாவது கொக்கிய வேற மாணவருக்குக் கொடுக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்னு சொல்வாரு. ஆர்விட் கேப்பாரு, வழிமொழியறவங்க யாருன்னு.

யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க.

உனக்குப் புரியுதா? ஒருத்தர் முன்மொழிஞ்சா போதாது, இன்னொருத்தர் வழிமொழியணும். இல்லன்னா ஓட்டுக்கே விட முடியாது. அங்கயே செத்துடும். ஆர்விட் கேட்டுட்டு காத்துகிட்டிருப்பாரு. எல்லாரும் அவங்கவங்க கப்பப் பாத்துக்கிட்டிருப்பாங்க. அப்புறம் அவரு மெல்லமா, வழிமொழிய ஆளில்ல, தீர்மானம் விழுந்ததுன்னு சொல்வாரு. டுவேன் உக்காந்துடுவாரு. அவரு மூஞ்சியப் பாத்தா தோத்த மாதிரி இருக்காது, அப்பாடான்னு இருக்கும். விதிப்படி கேக்கணும், கேட்டாச்சு. மொத வருஷம் கேட்டுட்டு மறுநா என் வீட்டு வாசல்ல வந்து நிக்கறாரு, கையில ஒரு பெரிய தட்டு, கறியும் உருளைக்கிழங்கும் போட்டு சுட்டது. கேக்காம இருக்க முடியல சோன்யா, மன்னிச்சுக்கன்னாரு. கண்ணாடியெல்லாம் பனி மூடிப்போச்சு அவருக்கு. தட்டக் குடுத்துட்டு ஓடிட்டாரு.

என் வீட்டுக்கு ஏன் வந்தாரா? ...என்ன கேட்ட? இரு, ஹீட்டர கொஞ்சம் திருப்பிட்டு வரேன்.

கூட ஒரு கொக்கி அடிக்க என்ன கேடுன்னு கேக்கறியா? நானும் கேட்டேன். அடிச்சாங்க. அடிச்சதும் ஒரு புது புள்ள வந்து சேந்துச்சு. மறுபடி அடிச்சாங்க, மறுபடி ஒண்ணு. இப்ப செவுத்துல எடமே இல்ல. உன் ஜோசி கடைசியா வந்து மாட்டிக்கிச்சு.

அந்தக் கொக்கியில அவ மாட்ட மாட்டேங்கறாளா? நீயே ஒருநா அதுல மாட்டி விட்டியா? சரி... அழுதாளா? ஏன்னு கேட்டியா?

என்ன சொன்னா?

இல்ல, சிரிக்கல. சொல்லு. அதுல ஒரு பையன் கோட்டு தொங்குது, சொட்டுதுன்னாளா.

புள்ளைங்க ஆயிரம் சொல்லும், கார்லா. அந்தப் பக்கம் தரை சரிவு. எல்லார் பூட்ஸ்லேருந்தும் உருகற தண்ணி அங்கதான் வந்து தேங்கும். அதான் நான் தொடைக்கிறது. சரிவுதான், ஆர்விட் மட்டம் வச்சுப் பாத்தே சொன்னாரு. லீவு நாள்ல ஏன் தேங்குதுன்னு மட்டும் அவருகிட்ட நான் கேக்கல. அவரும் சொல்லல.

தொப்பி போட்டிருந்தான்னு சொன்னாளா? செவப்பா, பச்சையா? சும்மாதான் கேக்கறேன். கேக்கலையா நீ. பரவால்ல. கேக்கவும் வேணாம், புள்ளய போட்டு நோண்டாத.

வரிசையப் பாத்திருக்கியா? வெளையாட வெளிய போறப்ப நிக்குமே. பெரிட் கைதட்டினா எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணு வந்து நிக்கும், முட்டிகிட்டு, தள்ளிகிட்டு. ரெண்டாவது ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவுல மட்டும் ஒரு எடம் விட்டிருக்கும். ஒரு சின்னப் புள்ள நிக்கற அளவு. யாரும் சொல்லித் தரல. இப்ப இருக்கற பசங்க ஒருத்தர் கூட ரெய்னோவப் பாத்தது கெடையாது, அவன் கூடப் படிச்சதெல்லாம் பெரிய வகுப்புக்கு, மாடிக்குப் போயிடுச்சு. வருஷா வருஷம் புதுசு வருது, புதுசும் எடம் விடுது. பெரிட் மொத தடவ பாத்துட்டு ரெண்டு நாள் லீவு போட்டுட்டா. இப்ப பழகிடுச்சு. கதவத் தொறந்து புடிச்சுகிட்டு நிக்கறப்ப அந்த எடம் தாண்டிப் போற வரைக்கும் சேத்தே புடிச்சுக்கறா.

எனக்கு எப்படித் தெரியுமா? நான் பாக்கறேனே. தெனம் அந்த நேரத்துக்கு வேலிக்கு அந்தாண்ட வண்டிய நிறுத்திக்கிட்டு பாப்பேன். கடைக்குப் போற வழிதான.

ஏப்ரல் மாசம் ஏரி பாக்க உறைஞ்சு கெட்டியாத்தான் இருக்கும், கார்லா. உனக்குப் புதுசு, அதனால சொல்றேன். ஜனவரியில அது மேல லாரி போகும். ஏப்ரல்லயும் வெள்ளையாத்தான் இருக்கும், அதே மாதிரி. கரையோரத்துல மட்டும் சாம்பக் கலர்ல ஒரு கோடு தெரியும், அது தெரிஞ்சா ஐஸ் ஆள் தாங்காது. பெரியவங்களுக்குத் தெரியும், ரெய்னோவுக்குத் தெரியல. ஜோசியக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் அந்தக் கோட்டக் காட்டு. எல்லாத்தையும் விட்டுட்டு மொதல்ல அதச் செய்.

ஆமா. என் பையன்தான்.

அழாத. நீ என்னத்துக்கு அழற, உனக்கு எப்படித் தெரியும். இந்த ஊர்க்காரங்க ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டாங்க. மின்னசோட்டாக்காரங்க நாங்க, வீடு பத்தி எரிஞ்சாலும், கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்குல்லன்னுதான் சொல்வோம்.

பள்ளிக்கூடப் பதிவுல பேர எடுத்தாச்சு, அது அப்பவே. அப்படின்னா நானும் போர்டுல இருக்கக்கூடாது இல்லையா? புள்ள இல்லாதவ, பெத்தவங்க நாற்காலியில எப்படி? டுவேன் அதையும் கேட்டாரு, பாவம், கேக்காம முடியாதே அவருக்கு. ஆர்விட் எழுந்து போய் அந்தக் கொக்கியப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, கொக்கியில அவன் படம் இருக்கில்ல? படம் இருக்கற வரைக்கும் சோன்யா இந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளையோட அம்மாதான், இது தலைவரோட முடிவு, அடுத்த விஷயத்துக்குப் போலாம். எங்க போனாலும் செல்லாத விதி அது. டுவேன் புத்தகத்த மூடி வச்சுட்டாரு. அதுலேருந்து எனக்கு எதிரா யாரும் நிக்கவும் இல்ல, அந்தக் கொக்கியத் தொடவும் இல்ல. எல்லாரும் நல்லவங்க. ரொம்ப நல்லவங்க. அவங்க நல்லதனத்துலதான் என் புள்ள இன்னும் அந்தக் கொக்கியில கோட்ட மாட்டிட்டு இங்கயே நின்னுகிட்டிருக்கானோன்னு எனக்குச் சில சமயம் தோணும். வீட்டுக்குப் போக விடாம நாங்கதான் புடிச்சு வச்சிருக்கமோன்னு.

வெளிச்சம் தெரியுது பாரு, ஆர்விட் வண்டிதான். பின்னாலயே டுவேனும் வருவாரு. மூஞ்சியத் தொடச்சுக்க.

என்ன, பேரக் குடுத்தத வாபஸ் வாங்கறியா? ஒண்ணும் வேணாம். பேசு. மூணு நிமிஷமும் பேசு, இருமல், ஈரக் கோட்டு, எல்லாத்தையும் சொல்லு. ஜோசி சொன்னத மட்டும் சொல்லாத, அது நமக்குள்ள இருக்கட்டும். நீ பேசி முடிச்சப்புறம், நிகழ்ச்சி நிரல்ல பழைய விஷயங்கள்னு ஒண்ணு வரும். டுவேன் எழுந்து இருமுவாரு. ஆர்விட் கேப்பாரு. எல்லாரும் கப்பப் பாப்பாங்க. நீ யாரையும் பாக்காத, பதறாத. இன்னிக்கு வழிமொழியறது நான்.

போர்டுல இருக்கறவ வழிமொழியலாம், தடையில்ல. டுவேன்கிட்டயே கேட்டுட்டேன், போன்ல. அந்தப் பக்கம் புத்தகம் புரட்டற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், விதிப்படி சரிதான் சோன்யான்னாரு.

அது நிறைவேறினா என் நாற்காலி காலி ஆயிடும். நீ எடுத்துக்க. நெசமாத்தான் சொல்றேன், எனக்குப் புடிச்ச ஆளு நீ, கேக்க வேண்டியத நேர்ல வந்து கேட்ட. ஹீட்டர் பக்கத்துல மஞ்சள் நாற்காலி. ஒரு கால் ஆடும், அட்டை மடிச்சு வச்சிருக்கேன், எடுத்துடாத. காபிக்கு நாலு கரண்டிக்கு மேல போடாத, ஆர்விட்டுக்கு நெஞ்சு எரியும். ஜோசிக்கு என்ன படம் வேணும்னு கேட்டு பெரிட்கிட்ட சொல்லு. பனி வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன்.

வா, போய் உக்காரலாம். ஆங், ஒண்ணு. வரிசையில விடறாங்களே, அந்த எடம். அத மூடச் சொல்லி யாராவது தீர்மானம் கொண்டு வந்தா நீ அந்த நாற்காலியில உக்காந்துகிட்டு நிறைவேற விட்டுடாத. கொக்கி போர்டோடது, குடுத்தாச்சு. அந்த எடம் புள்ளைங்களோடது.