திபோவின் வாய்

நம்மோடு கலவை குழைக்கிற ரெமி இருக்கிறானே, அவன் மைத்துனனுக்கு நடந்தது இது. ரெமி தூங்கிவிட்டானா? சரி... அவன் காதில் விழ வேண்டாம்.

நவம்பரில் வரும் மார்ட்டின் திருநாள் கழிந்து மூன்றாம் இரவு. கடைசி ஜெப மணி அடித்து ஓய்ந்துவிட்டது. கற்சுரங்கத்திலிருந்து பேராலயத்துக்குப் போகும் வண்டித்தடத்தில் அந்த மைத்துனன் எவ்ரார் தனியாக நடந்தான். கையில் விளக்கு. இடுப்பில் உளியும் சுத்தியலும். இரண்டு பக்கமும் மூடுபனி. தன் காலடிச் சத்தத்தைத் தவிர... ஒன்றுமில்லை.

எவ்ரார் சிற்பி. வடக்கு வாசலின் மேல்வளைவில் இறுதித் தீர்ப்பைச் செதுக்கியவன். நரகத்துக்கு இழுபட்டுப் போகும் கூட்டத்தில் ஒருவன் வாயைப் பிளந்து அலறுவான். அந்த முகம் திபோவுடையது. திபோ சுரங்கத்தில் கல் வெட்டுபவன், எவ்ராரின் கூட்டாளி. விளையாட்டாகத்தான் செதுக்கினான். ஊரே சிரித்தது.

“அழிச்சிடுடா. என் பொண்ணு அதைப் பார்த்துப் பார்த்து அழுவுறா,” என்று கெஞ்சினான் திபோ.

“உன் மூஞ்சிக்கு நரகத்துலயாவது இடம் கிடைச்சுதேன்னு சந்தோஷப்படு, போடா!”

திருநாளுக்கு முந்தைய நாள் சுரங்கத்தின் கூரை சரிந்தது. உள்ளே திபோ மட்டும். இரண்டு நாள் தோண்டினார்கள். தோண்டத் தோண்டச் சரிந்தது. “போய்ச் சேர்ந்துட்டான், விடுங்கப்பா,” என்று மேஸ்திரி நிறுத்திவிட்டார்.

துக்கம் கேட்கப் போன எவ்ராரை, திபோவின் மனைவி ஓதலின் வாசலிலேயே மறித்தாள்.

“ராத்திரி பூரா கூப்பிடுறாரு அண்ணே... சுரங்கத்துல இருந்து இல்ல. கோயில் பக்கமிருந்து. அந்த வாயை உடைச்சிடுங்க. இல்லேன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்.”

அதற்காகத்தான் அந்த நேரத்தில் போனான்.

பனியில் வெடிக்காமலிருக்க, பாதி எழும்பிய சுவர்களை வைக்கோலும் சாணமும் போட்டு மூடியிருந்தார்கள். அந்த நாற்றத்தின் ஊடே சாரத்தில் ஏறினான். மேலே போகப் போக வேறொரு வாடை... வியர்வை, மூத்திரம், அணைந்த கொழுப்பு மெழுகுத்திரி. சுரங்கத்துக்குள் அடிக்கும் வாடை.

டக்... டக்... டக்.

நின்றான். சத்தமும் நின்றது.

விளக்கைத் தூக்கினான். கல் முகம் அப்படியேதான் இருந்தது. உதட்டில் உளியை வைத்தான். பிடிமானத்துக்கு இடக்கை விரல்களை வாய்க்குள் விட்டான். ஒரு விரற்கணு ஆழம்தான் அவன் குடைந்திருந்தது.

மணிக்கட்டு வரை போனது. பிறகு... முழங்கை வரை.

உள்ளே ஒரு கை, வெதுவெதுவென்று வியர்த்திருந்த அவன் உள்ளங்கையைப் பற்றியது. பனிக்கட்டியாகக் குளிர்ந்த கை. நடுவிரல் பாதிதான் இருந்தது. திபோவுக்கு அப்படித்தான்.

அது இழுக்கவில்லை. நெரிக்கவில்லை. தண்ணீரில் மூழ்குகிறவன் பிடித்துக்கொள்வானே... அப்படிப் பிடித்துக்கொண்டது.

எவ்ரார் அலறினான். சுவரில் காலை உதைத்து, பலம் கொண்ட மட்டும் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அப்போது யாரிடமும் மூச்சு விடவில்லை. செத்தவன் கை என்றே நினைத்தான்.

வசந்தத்தில் கல்லுக்காக மறுபடி தோண்டினார்கள். ஒரு பொந்துக்குள் திபோ உட்கார்ந்திருந்தான். மேலே ஒரு கல்கூட விழவில்லை. பக்கத்தில், கடித்துத் தின்ற கொழுப்புத் திரிகளின் மிச்சம். சுவரில் சுத்தியலால் தட்டித் தட்டி விழுந்த குழி.

“எத்தனை நாள்... உசிரோட இருந்திருப்பான்?” என்று கேட்டான் எவ்ரார்.

மேஸ்திரி திரிகளைப் பார்த்தார். “ஒரு வாரம் இருக்கும்பா. கூடவும் இருக்கலாம்.”

எவ்ரார் தன் இடக்கையைப் பார்த்துக்கொண்டான்.

திபோவின் வலக்கை கூரை வெடிப்பு ஒன்றில் முழங்கை வரை சொருகியிருந்தது. ஓதலின்தான் அதை மெல்ல இறக்கினாள். நான்கு மாதம் மண்ணுக்குள் இருந்த உடம்பு, கல்லாகக் குளிர்ந்திருந்தது.

உள்ளங்கை மட்டும்... வெதுவெதுவென்று வியர்த்திருந்தது.