மவுன்ற் அவுஸ்லி ஏத்தம்

பாத்து ஏறு பிள்ளை, படி கொஞ்சம் உயரம். கம்பியைப் பிடி. ம்ம். செருப்புக் கழட்டத் தேவையில்லை, இதென்ன கோயிலே. சரி, கழட்டினாக் கழட்டு, உன்ர சித்தி கண்டா சந்தோசப்படுவா. இரு, அந்த முன் கதிரையில இரு, அது முழுக்கத் திரும்பும். தேத்தண்ணி போடட்டே? உள்ளுக்கே குசினி இருக்கு, காஸ் அடுப்பு ரெண்டு. வேண்டாமோ. சரி, விடு.

ஓம், விளங்குது சயந்தினி. ரொறன்ரோவில இருந்து வந்து இறங்கி ரெண்டு நாள்தான். அப்பாவை ஆசுப்பத்திரியில பாத்தாய், இப்ப அவர் விழுந்த இடத்தையும் பாக்கவேணும். உன்ர இடத்தில நானெண்டாலும் கேப்பன். ரொயிலெற் பின்னுக்கு, கடைசியில. காட்டுறன், ஓடவே போகுது. முதல்ல இந்த மோட்டர்ஹோம் என்ன சாமான் எண்டு உனக்கு விளங்கவேணும். அது விளங்கினாத்தான் மற்றது விளங்கும்.

முப்பத்தொரு அடி. அமெரிக்காவில செய்தது, ஸ்ரியறிங்கை இடப்பக்கத்தில இருந்து வலப்பக்கத்துக்கு மாத்திக்கிடக்கு. எஞ்சின் எங்க தெரியுமே? இந்தா, உனக்கும் எனக்கும் நடுவில, இந்த மூடிக்குக் கீழ. பத்து சிலிண்டர். பெற்றோல். முந்நூற்றி இருபது குதிரை. வென்ட்வேர்த்வில் கடையில நிண்ட அவ்வளவு பேரும் கேட்டாங்கள், சிறி அண்ணை, உவ்வளவு பெரிய வண்டியை ஆராவது பெற்றோலில எடுப்பானே, டீசல் எல்லோ எடுத்திருக்கவேணும் எண்டு. அவங்களுக்கு என்ன தெரியும். டீசல் மெல்லமா ஓடேக்கையே இழுக்கும், அதை நான் ஒத்துக்கொள்ளுறன். பெற்றோல் அப்பிடி இல்லை. அதைக் கத்தவிடவேணும். ரெண்டு கியர் குறைச்சு, எஞ்சின் சுத்துற றெவ்வை நாலாயிரத்தைந்நூறுக்குக் கொண்டுபோனியெண்டா அதின்ர குணமே வேற. பழகாத ஆள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து காலை எடுத்துப்போடும். ஏத்தத்தில காலை எடுத்தாச் சரி, முடிஞ்சுது. எட்டு தொன் வண்டி பிள்ளை, திரும்ப வேகம் பிடிக்கிறதெண்டா பெரிய பாடு.

நான் பதினாலு வருசமா பஸ் ஓடுறவன். பரமட்டாவில கேட்டுப் பார், ஒரு கீறல் இல்லை, ஒரு முறைப்பாடு இல்லை. அதால எனக்கு எஞ்சினில பயம் இல்லை. சேசிஸ்தான், வண்டியைத் தாங்குற கீழ்ச் சட்டம்தான், இதின்ர வருத்தம். பின் அச்சுக்குப் பிறகு பதினொரு அடி வெளியில தொங்குது. நான் முன்னுக்கு ஸ்ரியறிங்கை இவ்வளவு வெட்டினா, பின்னுக்கு அவ்வளவுக்கு ஆடும். பெரிய லொறி ஒண்டு பக்கத்தால போனாக் காணும், காத்து பின்பக்கத்தைப் பிடிச்சுத் தள்ளும். டண்டினொங்கில ஒருத்தன் இதுக்கெண்டே வேலை செய்யிறான். மெல்பேண் மட்டும் ஓடிக்கொண்டுபோய், குறுக்கால கம்பி ஒண்டு போடுவிச்சனான். முக்கால்வாசி ஆட்டம் நிண்டுது. மிச்சம் நிக்கேல்லை. அந்த மிச்சம் முழுக்கக் கடைசியிலதான் விழும், ரொயிலெற் இருக்கிற இடத்தில. பத்துப் பன்ரண்டு நாளா எல்லாருக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரியிறன். டொக்டருக்கும் சொன்னனான். சேசிஸின்ர பிழை எண்டு.

என்ன? சீற் பெல்ற்றோ? எண்ணிப்பாத்திட்டாய். ஓம், ஆறுதான். முன்னுக்கு ரெண்டு, மேசையோட நாலு.

நீ உன்ர அப்பாவைப் போல. வாயைத் திறக்கமாட்டாய், எண்ணுவாய்.

ஏழு பேர்தான் போனது. சொல்லுறன். என்ர மகளுக்கு, உன்ர தங்கச்சி வினுஷாவுக்கு, மெல்பேணில இருந்து ஒரு சம்பந்தம் வந்தது தெரியும்தானே. நல்ல பொடியன், நிதுஷன் எண்டு பேர், பொயிண்ட் குக்கில வீடு. அவனும் தாய் தகப்பனும் முதல்முதலா எங்களிட்ட வந்து நிண்டவை. தகப்பன் யோகேஸ்வரன் எஞ்சினியர். மரியாதையான மனிசன், ஆனா எல்லாம் தெரியும். இந்த வண்டியைச் சுத்திப் பாத்தார், ரயரைக் காலால தட்டினார், தட்டிப்போட்டு, பெற்றோல் எண்டா ஏத்தத்தில வேகம் அம்பதுக்கு வந்திடுமே சிறி எண்டார். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர். உன்ர சித்தி ரஞ்சினிக்கு முன்னால, என்ர மகளுக்கு முன்னால. அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்லை எண்டாப் பாத்துக்கொள்ளன்.

அடுத்தநாள் ஹெலன்ஸ்பேர்க் கோயில், பிறகு வொலங்கொங் கடற்கரையில சாப்பாடு, பின்னேரம் மவுன்ற் அவுஸ்லியால திரும்பி ஏறி வாறது. அந்த ஏத்தத்தை யோசிச்சுத்தான் அந்த ரூட்டே போட்டனான். வினுஷா சொன்னவள், அப்பா, நான் காரில பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு பின்னால வாறன், பெல்ற் காணாது எண்டு. நான் விடேல்லை. எல்லாரும் என்ர வண்டியில வரவேணும். உன்ர அப்பாதான் சொன்னவர், ஏன் பிள்ளையைக் கரைச்சல்படுத்துறாய், நான் பின்னுக்குக் கட்டிலில சரிஞ்சுகொண்டு வாறன் எண்டு. எனக்கு மூத்தவர், எழுபத்தாறு வயசு. ஊரில கொக்குவிலில இருந்து மூண்டு மாதத்துக்கு என்னைப் பாக்கவெண்டு வந்த மனிசன். அவரைப் பெல்ற் இல்லாமப் பின்னுக்குப் போட்டு, வாற சம்பந்தியை முன் சீற்றில இருத்தினனான். கேக்கவே உனக்கு எரியும். எரியட்டும்.

இல்லை, பொறு. நான் வேற ஒண்டு கேக்கிறன். இண்டைக்குக் காலமை வார்ட்டில நீ அண்ணையைப் பேசினாய் எல்லோ. ஓடுற வண்டியில ஏன் எழும்பினீங்கள், உங்களுக்கு அறிவில்லையோ எண்டு. அவர் என்ன சொன்னவர்? மறந்திட்டன் பிள்ளை எண்டார். வண்டி ஓடுறதை மறந்திட்டாராம். சொல்லிப்போட்டு என்னை ஒரு பார்வை பாத்தார். நான் என்ன செய்தனான்? உன்ர தேத்தண்ணிக் கப்பை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினனான். கடுதாசிக் கப்பை ஆராவது கழுவுவினமே.

இப்ப அவருக்கு மறதி வருத்தமாம். நாளைக்குப் பத்து மணிக்கு டொக்டரும் அந்தச் சோசல் வேர்க்கர் பிள்ளையும் உன்னோட இருந்து கதைக்கப்போகினம். நீயும் முடிவெடுத்திட்டாய், கொக்குவில் வீட்டை வித்துப்போட்டு அவரை எங்கயாவது வயசுபோன ஆக்களின்ர இல்லத்தில விடுறதெண்டு. ரஞ்சினி சொன்னவ. கொக்குவிலில தனிய இருந்து, தானே சமைச்சு, சைக்கிளில சந்தைக்குப் போய்வாற மனிசன் சயந்தினி. மத்தியானம் எல்லாம் அவற்ர முகத்தைத்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். இவர் இனி ஒரு வீட்டுத் திறப்பும் கையில வச்சிருக்கமாட்டார் எண்டு.

அவர் விழுந்த சத்தமோ? இல்லை, எனக்கு ஒண்டும் கேக்கேல்லை எண்டுதான் டொக்டரிட்டச் சொன்னனான். எஞ்சின் சத்தம். சொன்னன்தானே, நாலாயிரத்தைந்நூறு. பின்னுக்கு ஆள் எழும்பினாலும் தெரியாது, கூப்பிட்டாலும் கேக்காது.

ஸ்ராட் பண்ணிக் காட்டவோ? இப்பவோ? பக்கத்து வீட்டுக்காரன் ஏசுவான். இல்லை, இல்லை, பண்ணலாம், பிரச்சினை இல்லை. நீ எங்க போறாய்? ரொயிலெற்றுக்குள்ளயோ? அங்க என்ன... தட்டிப் பாக்கப்போறியோ.

சரி. போ. கதவை இறுக்கச் சாத்து. பிள்ளை, சாத்திட்டியோ? ஸ்ராட் பண்ணுறன்! பயப்பிடாத, இது நிண்டபடிதான்! ரெண்டாயிரம்! மூவாயிரம்! கேக்குதே சத்தம்? நாலாயிரம்! நாலாயிரத்தைந்நூறு! இவ்வளவுதான் மகள், இவ்வளவுதான் அண்டைக்கும்!

நிப்பாட்டிட்டன். வா. வெளியில வா. கதவைக் கொஞ்சம் தூக்கி இழு, அது இறுகும். ம், அப்பிடித்தான்.

மூண்டு தரம் தட்டினாய். கொஞ்சம் விட்டு, திரும்ப ரெண்டு.

கேட்டது. இப்பவும் கேட்டது, அண்டைக்கும் கேட்டது. இரு மகள், நிக்காத, இருந்து கேள். நீ நிண்டுகொண்டு பாத்தா எனக்குச் சொல்ல வராது.

அவர் எழும்பிப் போகேல்லை. நான் போகச்சொன்னனான். வொலங்கொங்கால வெளிக்கிடுற இடத்தில பொலிஸ் நிண்டு வண்டியளை மறிச்சுக் குடிச்சிருக்கோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டது. ஆறு பெல்ற்றுக்கு ஏழு பேரெண்டு கண்டா என்ர லைசென்ஸில கை வைப்பாங்கள், பஸ் வேலை போகும். எங்கட ஆக்களுக்குப் பொலிசைக் கண்டா முதல் வாற யோசினை என்ன, ஆளை ஒளிக்கிறதுதானே. அண்ணை, ரொயிலெற்றுக்குள்ள போங்கோ, கதவைச் சாத்துங்கோ, சத்தம் போடாதேங்கோ எண்டு கத்தினன். ஏனெண்டு ஒரு கேள்வி கேக்கேல்லை. போயிட்டார். பொலிஸ்காரன் எங்களை மறிக்கவும் இல்லை. கையைக் காட்டி, போ போ எண்டான்.

அதிலயே ஓரங்கட்டி அவரை வெளியில எடுத்திருக்கலாம். ஒரு நிமிசம். ஆனா ஏத்தம் துவங்குது. யோகேஸ்வரன் மணிக்கூட்டைப் பாக்கிறமாதிரி ஸ்பீடோ முள்ளைப் பாக்கிறார். சரி சிறி, இனித்தான் பாப்பம் எண்டார். நான் மிதிச்சன்.

அப்பதான் தட்டினது. மூண்டு தரம். ஏத்தத்தில வளைவு எடுக்கேக்க சேசிஸ் முறுகும், முறுகினா அந்தக் கதவு நிலையோட இறுகிப்போகும். எனக்கு அது முதலே தெரியும், திருத்துறன் திருத்துறன் எண்டு விட்டது. உள்ளுக்குப் பிடிக்க ஒரு கம்பி இல்லை. ரஞ்சினி சொன்னவ, இஞ்சருங்கோ, அண்ணை தட்டுறார், நிப்பாட்டுங்கோ எண்டு. நான் சொன்னன், அது அலுமாரி ஆடுற சத்தமெண்டு. என்ர மனிசிக்கு, அவவின்ர காதுக்குக் கேட்டதை, இல்லையெண்டு சொன்னனான். பஸ்ஸில ஆர் பெல் அடிச்சாலும் நிப்பாட்டுறன் பிள்ளை, வெறிகாரன் அடிச்சாலும் நிப்பாட்டுறன். அண்டைக்கு நிப்பாட்டேல்லை. காலை எடுத்தா வேகம் விழுந்திடும். அந்த மனிசன் சிரிப்பார். அது மட்டும்தான் என்ர மண்டையில நிண்டது.

பாதி ஏத்தத்தில எனக்கு முன்னால ஒரு லொறி ஊர்ந்துகொண்டு போகுது. பின்னால நிண்டா அம்பது. வெட்டி வெளியில எடுத்தன். அந்த வெட்டில பின்பக்கம் ஒரு எறி எறிஞ்சுது. அதோட தட்டுற சத்தமும் இல்லை. நான் என்ன நினைச்சன் சொல்லு. அப்பாடா, கதவு திறந்திட்டுதாக்கும், கட்டிலுக்குப் போயிட்டாராக்கும் எண்டு. நினைச்சன் எண்டு சொல்லுறன், நினைக்க விரும்பினன். உச்சியில எழுபத்தெட்டு காட்டிச்சுது. யோகேஸ்வரன் கை தட்டினார். எல்லாரும் தட்டிச்சினம். ரஞ்சினி தட்டேல்லை.

பிறகும் ஒரு பத்து நிமிசம் ஓடினனான். எஞ்சின் எப்பிடி ஆறுது எண்டு அவருக்கு விளங்கப்படுத்திக்கொண்டு.

ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக அம்புலன்ஸ் வாறதுக்கு முதல் அண்ணை என்ர கையைப் பிடிச்சுச் சொன்னவர், நானா எழும்பிப் போய் விழுந்தனான் எண்டு சொல்லடா, உனக்கு வேலை இருக்கு, பிள்ளையின்ர கலியாணக் கதை நடக்குது எண்டு. சத்தியம் வாங்கினவர். நானும் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினன். அவற்ர இடுப்பு எலும்பு முறிஞ்சு கிடக்குது, நான் தலையாட்டுறன். வெக்கம் கெட்ட சீவியம். உனக்கு முன்னால சொல்லவே கூசுது, ஆனா நீ அவரைப் பேசினதைக் கேட்டுக்கொண்டு நிண்டது அதைவிடக் கூச்சமா இருக்குது.

நாளைக்குப் பத்து மணிக்கு நானும் வாறன். இதை டொக்டருக்கு முன்னால சொல்லுறன். எழுதிக் கையெழுத்தும் வைக்கிறன். லைசென்ஸ் போனாப் போகட்டும், சம்பந்தம் முறிஞ்சா வினுஷா என்னோட கதைக்காம இருக்கட்டும். கொக்குவில் வீட்டில கை வைக்காத. அவருக்கு மறதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உள்ளுக்கு இருந்தபடியே என்ன நடக்குதெண்டு எல்லாம் விளங்கித்தான் இருந்திருக்கு அவருக்கு. அதுதான் பிறகு தட்டாம விட்டவர், விழுந்து கிடந்தும்.

எப்பிடித் தெரியுமெண்டோ? றெஸ்ற் ஏரியாவில நிப்பாட்டிப்போட்டுப் போய், தோளால இடிச்சுக் கதவைத் திறந்தனான். தரையில மடங்கிக் கிடந்தார், கால் ஒரு பக்கமாத் திரும்பிக் கிடக்குது. என்னைக் கண்டவுடன அவர் முதல் கேட்டது, ஏறிச்சுதோடா தம்பி எண்டு. ஓம் அண்ணை, எழுபத்தெட்டில ஏறினது எண்டு சொன்னனான்.