மையம் ஒரு மில்லிமீட்டர் மேலே

நீங்கள் அனுப்பிய தாளில் எழுத இடம் போதவில்லை. ‘ஆறு மாதத்துக்குப் பிறகு உங்கள் திட்டம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டு மூன்றே கோடு போட்டிருக்கிறீர்கள். அதனால் தனித்தாளில் எழுதுகிறேன். இங்கே எழுதுவது நம் இருவருக்குள் இருக்கும் என்று அடியில் அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நம்புகிறேன்.

உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்காது. அன்றைக்கு எங்கள் கண்ணாடிக் கடையில் பணியாளர் நலனைப் பற்றிப் பேச வந்தபோது கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். மாடியில் லென்ஸ் வெட்டும் வேலை. பதினொரு வருடமாகச் செய்கிறேன். பணியிடத்தில் யாராவது நம்மைத் தொடர்ந்து மட்டம் தட்டினால் அழுதுகொண்டிருக்காமல் நமக்கென்று ஒரு திட்டம் வகுத்துக்கொள்ள வேண்டும் என்றீர்கள். எல்லோருக்கும் ஒரு மஞ்சள் தாள் கொடுத்தீர்கள். நான் அதை மடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

முதல் கேள்வி, யார், எப்போது. கீழே கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர். நாங்கள் பெரியக்கா என்போம். எப்போது என்றால், கேட்க ஆள் இருக்கும்போது. “சார், உங்க கண்ணாடி எங்க ஸ்லோமோஷன் கையில இருக்கு. அடுத்த கண் டெஸ்ட்டுக்குள்ள எப்படியும் கிடைச்சிரும்” என்பார். ஸ்லோமோஷன் என்றால் நான். வாடிக்கையாளர் சிரிப்பார். நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர், அதை நான் மறுக்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், கூரியர்காரரும் இருந்தார், “கல்யாணமாகி ஒம்பது வருஷமாச்சே, அதையும் ரெண்டு பேரும் ஸ்லோமோஷன்லதான் பண்றீங்களோ?” என்று கேட்டார். கூரியர்காரருக்குப் புரையேறிவிட்டது. நான்தான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அந்த வருடம் இரண்டாவது முறையாகக் கரு கலைந்து, வேலைக்குத் திரும்பி நான்கு நாள் ஆகியிருந்தது. பெரியக்காவுக்கு அது தெரியும். விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

இரண்டாவது கேள்வி, யாரிடம் சொல்லலாம். மேனேஜரிடம் சொன்னேன். “அவங்க தமாஷா பேசறவங்கம்மா, நீங்களும் பதிலுக்கு ரெண்டு போடுங்க” என்றார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். “கண்டுக்காத. காதுல வாங்கினாத்தானே வலிக்கும்” என்றார். நல்ல மனிதர். அவருக்குக் காது அப்படி.

மூன்றாவது கேள்விதான் என்னை நிறுத்தியது. உங்கள் பலம் என்ன? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு ‘துல்லியம்’ என்று எழுதினேன். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எழுதி முடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பது நினைவிருக்கிறது. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் விளக்குகிறேன். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு மையம் உண்டு. அந்த மையம் போடுகிறவரின் கண்மணிக்கு நேராக அமைய வேண்டும். வெட்டுவதற்கு முன் அதில் மையால் ஒரு புள்ளி வைப்போம். பவர் அதிகமானவர்களுக்கு ஒரு கண்ணின் மையம் கொஞ்சம் மேலே ஏறினாலும் இரண்டு கண்ணும் ஒன்றுக்கொன்று இழுக்கும். தலை வலிக்கும், தரை சரியும். அதனால் ஒருவர் வெட்டினால் இன்னொருவர் மையம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கடை ஆட்களின் சொந்தக் கண்ணாடிக்கு மட்டும் இந்தக் கையெழுத்து கிடையாது. வேலைக்கு நடுவே சும்மா செய்து கொடுப்பதற்கு எதற்கு நேரத்தை வீணாக்க வேண்டும் என்று அந்த விதியைக் கொண்டுவந்தவர் பெரியக்கா. அவருக்கு இரண்டு கண்ணிலும் பவர் அதிகம், மைனஸ் ஏழு.

மஞ்சள் தாள் வந்த வாரத்திலேயே அவர் கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தது. மாற்றித் தரச் சொன்னார். வலது கண் மையத்தை ஒரு மில்லிமீட்டர் மேலே வைத்தேன். “மையம் சரியா இருக்கா பாரு” என்று முகத்தை என் பக்கம் நீட்டினார். வாடிக்கையாளர்களுக்கு அவரே பார்ப்பார், நன்றாகவும் பார்ப்பார். தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதல்லவா. குனிந்து பார்த்தேன். “சரியா இருக்குக்கா” என்றேன். அவ்வளவு பக்கத்தில் அவர் கண்ணை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இமையில் ஒரு சின்ன மச்சம் இருந்தது.

பத்தே நாளில் கடை அமைதியாகிவிட்டது. பகலெல்லாம் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருப்பவரால் கிண்டல் பேச முடிவதில்லை. கிண்டலுக்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. தைலம் வாங்கி வந்து கொடுத்தேன். தேய்த்தும் விட்டேன்.

கண் டாக்டரிடம் போனார். கருவியில் வைத்துப் பார்த்தால் பவர் மிகச் சரியாக இருந்தது. அதில் நான் தவறே செய்வதில்லை. வேறு வகை லென்ஸ் போட்டுப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அதன் மையத்தை இரண்டு மில்லிமீட்டர் மேலே வைத்தேன். அந்த வாரம் பெரியக்கா மெதுவாக மாடி ஏறி வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“ஏம்மா, உனக்கு எல்லாம் ஒண்ணு ஒண்ணாத்தானே தெரியுது?”

அவர் வாயிலிருந்து ‘ம்மா’ வந்தது அதுதான் முதல் முறை. தெரிகிறது என்றேன்.

“எனக்கு ரெண்டா தெரியுது. நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லிட்டாங்க. மண்டைக்குள்ள கட்டி இருக்குமோன்னு பயமா இருக்கு. மககிட்டகூடச் சொல்லல.” பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “உன்னை நிறையப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத.”

“அதெல்லாம் இல்லக்கா” என்றேன்.

அன்று மதியமே மையம் சரியாக வைத்து ஒரு ஜோடி வெட்டி என் இழுப்பறையில் வைத்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் கல்நெஞ்சக்காரி இல்லை. ஆனால் மஞ்சள் தாளின் அடியில், திட்டத்தைப் பாதியில் கைவிடாமல் குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும் என்று இருந்தது. ஏழு வாரம்தான் ஆகியிருந்தது.

அதன்பின் வந்த நாட்கள் நன்றாக இருந்தன. பில்லை நான் படித்துச் சொல்வேன். தெருவைக் கடக்க என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். ஸ்கேன் எடுக்க நான்தான் கூடப் போனேன். ஒன்றுமில்லை என்று முடிவு வந்ததும் என் தோளில் சாய்ந்து அழுதார். ஸ்கேனில் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கவலையாகத்தான் இருந்தது. பிரேம் கனமாக இருப்பதால்தான் இந்தத் தொந்தரவோ என்று அவருக்கே தோன்றி, லேசான பிரேம் கேட்டார். அதற்கு மூன்று மில்லிமீட்டர்.

ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். பிரேம் அடுக்கிய தட்டை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினார். நான் பின்னால் இருந்தேன். இல்லாத படியில் கால் வைத்தார். நான் தள்ளவில்லை. என் கை அவர்மேல் படவே இல்லை. தட்டில் இருந்த பிரேம்களில் ஒன்றுகூட உடையவில்லை. அவருக்கு இடுப்பெலும்பு உடைந்தது.

மருத்துவமனையில், துடைத்துத் தருகிறேன் என்று அந்தக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு இழுப்பறை ஜோடியைப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “படுத்தா தெளிவா தெரியுதுடி” என்றார். தினமும் வேலை முடிந்து போகிறேன். கஞ்சி கொடுக்கிறேன், தலை வாரிவிடுகிறேன். வெளியூரிலிருந்து வந்த மகள், “நீங்க மட்டும் இல்லன்னா அம்மா என்ன ஆகியிருப்பாங்களோ” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நியாயமான கேள்விதான். எனக்கும் அது தோன்றியிருக்கிறது.

இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கிறார். அடுத்த மாதம் கடைக்கே திரும்பிவிடலாம் என்கிறார்கள். உடம்பில் தெம்பு வந்திருக்கிறது, முகத்தில் தெரிகிறது. நேற்று நான் அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது நர்ஸிடம், “பிள்ளை இல்லாத குறைக்கு என்னை வெச்சு ஆசையைத் தீர்த்துக்கிறா இவ” என்றார். நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். பாசத்தில் சொன்னாரா, பழைய மாதிரி சொன்னாரா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், திட்டம் நன்றாகவே இருக்கிறது. பணியிடத்தில் இப்போது எனக்குப் பயம் இல்லை. யாரையும் நான் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அவரும் நானும் நெருங்கிவிட்டோம். மருத்துவமனையிலேயே அவருக்குக் கண் சோதித்துப் புதிதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். லென்ஸ் வந்துவிட்டது, நாளை மறுநாள் வெட்ட வேண்டும். மையத்தை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நாளை சாயங்காலம் அவர் என்னிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் புள்ளி வைக்க வேண்டும்.