ராணிக்குக் கீழே ஒரு பெயர்

ஹலோ… ஹலோ, மிஸஸ் ஹேஸல்டைனா? நான் டாக்கெட் பேசறேன்… டாக்கெட், மேடம். லண்டன்ல பழைய அச்சுப்படக் கடை… ஆமா, ஆமா, அதே டாக்கெட்தான். வச்சிடாதீங்க! ஒரே நிமிஷம்.

எப்படி இருக்கீங்க? யார்க்ல மழையா?… சரி, சரி, விஷயத்துக்கு வர்றேன். உங்க வீட்டுல அந்த ராணி கேத்தரின் படம் இருக்குல்ல, அத நானே வாங்கிக்கலாம்னு… நல்ல விலைக்குத்தான்… ஏனா? சும்மா, கேட்டுப் பாக்கலாம்னு…

சார், அந்தப் படத்த ரெண்டு கையாலயும் பிடிங்க, நடுவுல மடங்கிடும்! உங்கள இல்ல மேடம், கடையில நாலு பேர் நிக்கிறாங்க.

…ஆமா. சொன்னேன். மறக்கல. கண்காட்சிக்கு நீங்க அந்தப் படத்தக் கொண்டு வந்தப்போ, அத்தன பேர் முன்னாடி. "இது ராணி இல்லம்மா, ராஜாவோட வைப்பாட்டி. விக்கறதுக்காக ராணி பேரப் போட்டிருக்கான்"னு… "இவளயா கூடத்துல மாட்டி வச்சிருக்கீங்க"ன்னும் கேட்டேன். ஆமா… ஆமா… சிரிச்சாங்க.

அதான் மேடம்… அது தப்பு.

இல்ல, சொன்ன விதம் மட்டும் இல்ல. சொன்னதே தப்பு. அதே படம், வைப்பாட்டி பேரோட, என் கடைச் சுவத்துல பதினோரு வருஷமாத் தொங்குது. அத வச்சுத்தான் அன்னிக்கு அடிச்சுப் பேசினேன். போன செவ்வாய்க்கிழமை சட்டத்துக் கண்ணாடிய மாத்தறதுக்காகப் படத்தக் கழட்டினேன். ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா, அவ பேருக்கு அடியில இன்னொரு பேர். அச்சடிச்சவன் பழைய பேரச் சரியாச் சுரண்டாம விட்டிருக்கான். மங்கலா, "கேத்தரின்"னு…

ஆமா. முதல்ல அடிச்சது ராணி படம்தான். ராணிக்கு மவுசு கொறஞ்சதும், அச்சடிக்கற செப்புத் தகட்டுல பேர மட்டும் சுரண்டிட்டு, வைப்பாட்டின்னு வித்திருக்கான். முகத்த மாத்தக்கூட சோம்பேறித்தனம்! எங்க தொழில் ஆளுங்க அப்பவே இப்படித்தான்… சரி, சரி, ஜோக் அடிக்கல.

உங்களுது முதல் அச்சு மேடம். அடியில ராணி பேரோட, ஓரம் குலையாம… என்னது?… கத்தரிச்சாச்சா? பேரையா? ஐயோ, ஏன்?… கண்காட்சியிலேர்ந்து வீட்டுக்கு வந்ததுமேவா?… உங்க வீட்டுக்காரரா!

…உங்க பேரும் கேத்தரின்னு எனக்குத் தெரியாது மேடம். கல்யாண நாளுக்கு வாங்கினதா… அன்னிக்கு என் பக்கத்துலதான் நின்னாரு. ஃபோன அவர்கிட்டக் குடுங்க, நானே சொல்லிடறேன்…

எப்போ தவறினாரு?… பிப்ரவரியிலயா…

ம்… ம்… கடைசி வரைக்கும் ஏமாந்துட்டோம்னுதான் நெனச்சாரா?…

விலையா? வேண்டாம் மேடம். மன்னிப்புக் கேக்கத்தான் கூப்பிட்டேன். எனக்கு அது வரல, விலைதான் வாயில வந்துச்சு… லெட்டர் எழுதட்டுமா?… வேண்டாமா?… இப்பவா? உரக்கவா? மேடம், கடையில ஆளுங்க…

ஆமா. அன்னிக்கும் ஆளுங்க இருந்தாங்க.

சரி. வச்சிடாதீங்க, கேளுங்க.

எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க! மிஸ்டர் ஹேஸல்டைன் தன் சம்சாரத்துக்கு வாங்கிக் குடுத்தது ராணி படம்! அவரு சரியாத்தான் வாங்கினாரு! தெரியாமப் பேசினவன் நான், இந்த டாக்கெட்!

…கேட்டுச்சா மேடம்?… இல்ல… இல்ல, யாரும் சிரிக்கல…

ஹலோ?… மேடம்?… ஹலோ…