குங்குமம் வைத்த குழாய்

ஜனவரி 20, திங்கள், காலை 7.10, கடும் பனி. செங்கல்பட்டு–மாமல்லபுரம் பேருந்தில் 23 பேர் இருந்தோம். என் முன் இருக்கையில் ஒரு வெல்டரும், அவருடைய பட்டறையின் பரிசோதனைக்கூட ஊழியரும்.

“பூஜைக்கு நிக்கல் குழாய்ல குங்குமம் வச்சியா மச்சான்?” என்றார் ஊழியர்.

“வச்சேன். தொடச்சிட்டுதான் வெல்டு அடிச்சேன்.”

“சரியா போவல. கடை குங்குமத்து செவப்புல கீற கந்தகம் நிக்கலுக்கு ஆவாது. அறுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தேன். உலோகம் மணிமணியா உறைஞ்சிருக்கு, மணிங்களுக்கு நடுவுல விரிசல். வெளிய ஒண்ணும் தெரியல. உள்ள பொட்டு மாரியே வட்டமா கீது.”

வெல்டர் செல்போனை எடுத்தார்.

“ரெண்டு குழாய்க்கு வச்சேன். இன்னொண்ணுல என் தம்பி ஏழு மணிக்கே டெஸ்ட்டுக்கு பிரஷர் ஏத்தியிருப்பான்.”

பதினோரு முறை தம்பியை அழைத்தார். பன்னிரண்டாவது முறை வேறு யாரோ எடுத்தார்கள்.

நான் இறங்கவேண்டிய திருக்கழுக்குன்றம் தாண்டிவிட்டது. கூடுதல் டிக்கெட் பதினாறு ரூபாய்.